சீதன வீடு எடுத்தவள்தான் அம்மாவைக் கடைசி வரை பார்க்க வேணுமா?

ஓந்தாச்சிமடத்தான்:
எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டை இது. வெளியாட்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் ஏலாமல் போய்விட்டது. தங்கச்சி வீட்டில் இருக்கிறார். இலங்கையின் கிழக்கே எங்கள் பக்க வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு? வளவு, கல்வீடு, மிச்சமிருந்த வயல் துண்டு எல்லாம் அவள் பேரில் சீதன உறுதி எழுதியாயிற்று. ஆண்பிள்ளைகள் மூன்று பேரும் உடுத்த உடுப்போடு பெண்சாதி வீட்டுக்குப் போனவர்கள். அண்ணன் செட்டிபாளையத்தில், நான் காரைதீவில், தம்பி கட்டாரில். இப்போது தங்கச்சி, "என்னால் தனியே ஏலாது, முறை வைத்துப் பாருங்கள்" என்கிறாள்.

பம்பஸ், மருந்து, கிளினிக் போக ஓட்டோக் காசு எல்லாம் நாங்கள்தான் கொடுக்கிறோம். வீட்டைக் கொடுத்ததே அம்மா அப்பா கடைசிக் காலத்தில் அங்கே இருப்பார்கள் என்றுதானே? வேறு இடங்களில் மருமகள் மாமியாரைப் பார்க்கிறாள், அங்கே மனக்கசப்பு வருவது நியாயம். இங்கே பெற்ற மகள், சொந்த வீடு, யாரும் அவளை வெளியே போ என்று சொல்ல முடியாது. இதில் என்ன மன அழுத்தம்?

கல்லாத்துக்காரி:
அண்ணா, ஒன்று சரி. வீடு பெண்ணின் பேரில் இருப்பது பெரிய பலம். இந்தியாவில் இருக்கும் மருமகளுக்கு அது இல்லை. ஆனால் அந்த மருமகளுக்கு இருக்கும் ஒரு வசதி உங்கள் தங்கச்சிக்கு இல்லை. அவள் தாய் வீட்டுக்குப் போய் மாமியாரைத் திட்டி அழுதுவிட்டு வரலாம். உங்கள் தங்கச்சி யாரிடம் போய் யாரைத் திட்டுவாள்? பெற்ற தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னால் ஊரே "சீ, இவளும் ஒரு மகளா" என்று சொல்லும். அதனால் வாயைத் திறப்பதில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். இரவிலும்தான். அதற்கு மேலே அவளுக்குப் பிள்ளைகள், அடுப்படி, பள்ளிக்கூடம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்தி என்ற கடைசிச் சடங்கு வரைக்கும் ஊர் முழுக்கக் கோயிலில் நிற்கும். உங்கள் தங்கச்சி போன முறை எத்தனை நாள் போனாள் என்று கேட்டுப் பாருங்கள். காசு அனுப்புகிறீர்கள், நல்லது. காசு அம்மாவைப் புரட்டாது.

ஓந்தாச்சிமடத்தான்:
அப்போ நான் என்ன செய்ய? மகன் அம்மாவைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதா? அம்மாவே விட மாட்டார். இது எங்கள் பண்பாடு. என் விருப்பு வெறுப்பு இல்லை.

வார்ட் டியூட்டி:
தாதியாக வேலை செய்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்ன கூச்சம் உண்மை, அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அப்பா விழுந்து கிடந்தால் மகள்தான் கழுவித் துடைத்து எல்லாம் செய்கிறாள். அங்கே கூச்சம், பண்பாடு என்று ஒருவரும் கதைப்பதில்லை. மருமகன் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் மாமியாருக்கு முன்னால் கதிரையில் இருந்து கதைக்கவே வெட்கப்படுவார். ஆகவே அவரையும் கழித்துவிடுங்கள். மகனுக்குக் கூச்சம், மருமகனுக்கு மரியாதை, மிச்சம் இருப்பது யார்?

பராமரிக்கிறவரின் சுமையை அளக்க ஸாரிட் என்பவர் ஆக்கிய ஒரு கேள்விக்கொத்து இருக்கிறது. 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 88. "உங்களுக்கென்று நேரம் இல்லை என்று நினைக்கிறீர்களா" என்ற மாதிரி நேரடிக் கேள்விகள்தான். எங்கள் பெண்களிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "அப்படி ஒன்றும் இல்லை" என்று பூச்சியம் சொல்வார்கள். மறுகா தலையிடி, நாரிப் பிடிப்பு, நித்திரை இல்லை என்று வெளிநோயாளர் பிரிவில் வந்து நிற்பார்கள்.

பெண் பராமரிப்பாளர்களையும் ஆண் பராமரிப்பாளர்களையும் ஒப்பிட்ட 229 ஆய்வுகளை பின்க்வார்ட், சோரன்சன் என்ற இருவர் 2006இல் சேர்த்துப் பார்த்தார்கள். பெண்களுக்குச் சுமையும் மனச்சோர்வும் கூட, உடல்நலம் குறைவு. ஆனால் வித்தியாசம் நாங்கள் நினைக்கிற அளவு பெரியது இல்லை.

ஓந்தாச்சிமடத்தான்:
பார்த்தீர்களா, நீங்களே சொல்கிறீர்கள் வித்தியாசம் சின்னது என்று!

வார்ட் டியூட்டி:
பாதியில் நிறுத்திவிட்டீர்கள் அண்ணா. அந்த ஒப்பீடு ஏற்கனவே பராமரிப்பு வேலையில் இருக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில். அதற்குள்ளும் பெண்கள் கூடுதல் நேரம் நிற்கிறார்கள், குளிப்பாட்டுவது கழுவுவது போன்ற வேலைகளைக் கூடுதலாகச் செய்கிறார்கள். அந்தப் பாரத்தைக் கழித்துப் பார்த்தால் மனச்சோர்வு வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். அதாவது பெண் மனம் பலவீனம் என்ற கதை இல்லை. வேலை கூட, அவ்வளவுதான். நீங்கள் அந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வரவில்லை.

சும்மா எட்டிப் பார்த்தவன்:
ஸ்ட்ரெஸ், சுமை எல்லாம் வெள்ளைக்காரன் பிரச்சினை. அவன் தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்கிறான். எங்கள் பெத்தாச்சிமார் யாராவது மன அழுத்தம் என்று சொன்னார்களா? பாசம் இருந்தால் பாரம் தெரியாது.

கல்லாத்துக்காரி:
பெத்தாச்சி காலத்தில் ஒரே வளவில் மூன்று வீடு இருந்தது தம்பி. மூத்த மகளுக்குத் தாயின் வீடு, தாய் பின்னால் ஒரு வீடு கட்டிப் போவார், அடுத்த மகளுக்கு அது. அக்காவும் தங்கச்சியும் பெரியம்மாவும் ஒரே ஒழுங்கையில். ஒருத்தி குளிப்பாட்ட, ஒருத்தி கஞ்சி வைக்க, ஒருத்தி பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பாள். பாசத்தோடு கைகளும் இருந்தன. இப்போது வளவு துண்டு துண்டாகிவிட்டது, யுத்தமும் 2004 சுனாமியும் எத்தனை வீட்டில் ஆட்களைக் கொண்டுபோய்விட்டன, மிஞ்சியவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். வழக்கத்தில் இருந்த உதவி போய்விட்டது, கடமை மட்டும் அப்படியே ஒரு பெண்ணின் தலையில் நிற்கிறது. அண்ணன் சொல்லும் ஒப்பந்தம் எழுதப்பட்டது அந்த மூன்று வீட்டுக்கு.

வார்ட் டியூட்டி:
எட்டிப் பார்த்தவருக்கு: குடும்பப் பற்று கூடிய சமூகங்களில் பராமரிப்பாளருக்கு அழுத்தம் குறையும் என்றுதான் முதலில் ஆராய்ச்சியாளர்களும் எதிர்பார்த்தார்கள். நைட், சாயெக் இருவரும் 2010இல் எழுதியதில் அது எப்போதும் காக்கவில்லை, "என் கடமை, தப்ப முடியாது" என்ற உணர்வு சில வேளை உடம்பைக் கெடுக்கிறது என்று வந்தது. அமெரிக்காவில் துணைவரைப் பார்த்த முதியவர்களை நான்கு வருடம் தொடர்ந்த 1999 ஆய்வு ஒன்று இருக்கிறது. பராமரிப்பில் அழுத்தத்துக்கு உள்ளானவர்களுக்குச் சாகும் அபாயம், பராமரிப்பு வேலை இல்லாதவர்களை விட 63 சதவீதம் கூட. அவர்களுக்கும் பாசம் இருந்திருக்கும்.

அக்கரைப்பற்று ராத்தா:
முஸ்லிம்கள் எங்களிலும் இதே வழக்கம்தான், வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. என் கதை இப்படி. என்ர ராத்தா, அதாவது அக்கா, சவூதியில் யாரோ ஒருவருடைய உம்மாவைப் பார்க்கிறா, நான் இங்கே எங்கள் உம்மாவையும் ராத்தாவின் பிள்ளைகளையும் பார்க்கிறேன். அவ சம்பளம் வாங்குகிறா, நான் துஆ வாங்குகிறேன். 2013இலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள், பிள்ளையை யார் பார்ப்பது என்று. கட்டாருக்குப் போகும் ஆணிடம் அதைக் கேட்டதில்லை. உங்கள் தம்பியிடம் "அம்மாவை யார் பார்ப்பார்" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தங்கச்சி பேரைத்தானே?

திருக்கோயில் மாஸ்டர்:
ஆண்கள் ஒன்றும் செய்வதில்லை என்று போகிற போக்கில் எழுதுகிறீர்கள், அதை ஏற்க மாட்டேன். மனைவிக்கு மறதி வருத்தம். சமைப்பது, குளிப்பாட்டுவது, தலை இழுத்துவிடுவது, இரவில் படலையைப் பூட்டித் திறப்பை ஒளிப்பது வரைக்கும் நான்தான். "சுமை" என்ற பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வருடம் எனக்குச் சோறு போட்டவளை நான் எப்படிச் சுமை என்பேன்?

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பக்கத்து வீடுகளிலிருந்து எனக்குக் கறி வரும், "மாஸ்டரைப் போல யார் பார்ப்பார்" என்பார்கள். இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் தன் புருஷனை என்னைவிட அதிக காலமாகப் பார்க்கிறாள். அவளுக்கு யாரும் ஒரு கிண்ணம் கறி கொடுத்து நான் காணவில்லை. எனக்கு வேறு கஷ்டம். அழுகிற இடம் இல்லை. ஆண் போய் டொக்டரிடம் மனசு சரியில்லை என்று சொன்னால் அவரே வெட்கப்படுவார் போல இருக்கிறது.

கல்லாத்துக்காரி:
மாஸ்டர், உங்களை நான் சொல்லவில்லை. நீங்கள் செய்வதை ஓந்தாச்சிமடம் அண்ணனுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.

வார்ட் டியூட்டி:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு என்கிறது. மகன், மகள், வீடு எடுத்தவர், எடுக்காதவர் என்று பிரிக்கவில்லை. கவனிக்காத பிள்ளையிடம் பராமரிப்புக் கேட்டுப் பெற்றோர் முறையிட ஒரு சபையும் அதில் இருக்கிறது. கிழக்கில் எந்தத் தாய் மகனுக்கு எதிராகப் போவார் என்பது வேறு கதை.

ஓந்தாச்சிமடத்தான்:
எல்லாம் வாசித்தேன். வீட்டை எடுத்தவளுக்குக் கூடுதல் பொறுப்பு என்ற என் எண்ணம் மாறவில்லை. வீட்டை விற்றால் நால்வருக்கும் பங்கு வருமா? வராதுதானே. நீங்கள் யாரும் யோசிக்காத இன்னொன்று: நான் இருப்பதும் பெண்சாதியின் வீடு. அங்கே மாமியார் இருக்கிறார், அவரை என் மனைவி பார்க்கிறாள். என் அம்மாவையும் கொண்டுவா என்றால் இரண்டு பேரையும் பார்க்கப் போவது மீண்டும் ஒரு பெண்தான். முறை வைக்கச் சொல்பவர்கள் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று ராத்தா:
இது நியாயமான கேள்வி. அதனால்தான் உம்மாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகக் கூடாது. நீங்கள்தான் போக வேண்டும். காரைதீவிலிருந்து பஸ் ஓடுகிறதுதானே.

கல்லாத்துக்காரி:
குளிப்பாட்டக் கூச்சம் என்றால் அதற்கு ஊரில் ஒரு அம்மாவைச் சம்பளத்துக்குப் பிடியுங்கள், மூன்று ஆண்களும் பங்கு போடுங்கள். இரவில் புரட்டுவது, மருந்து கொடுப்பது, சோறு ஊட்டுவது, கிளினிக்கில் வரிசையில் நிற்பது, இதற்கெல்லாம் கூச்சம் தேவையில்லை.

ஓந்தாச்சிமடத்தான்:
சனிக்கிழமை வரலாம். அண்ணனோடும் கதைக்கிறேன். சம்பளத்துக்கு ஆள் என்றால் தம்பியிடம் கேட்க வேண்டும். ஆனால் இதை முறை என்று சொல்லாதீர்கள், உதவி என்று சொல்லுங்கள்.

கல்லாத்துக்காரி:
பேரை நீங்கள் என்னவும் வையுங்கள். சனிக்கிழமை பகலா, இரவா? அதை எழுதுங்கள்.