புதுப்பிப்பு: ஈறு லேசர் சிகிச்சை, பத்தாவது நாள்

சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறது, லேசரில் சரிசெய்யலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். செய்துகொண்டுவிட்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டதும், மருத்துவர் மெல்லிய அளவுகோலை எலும்பு தட்டும்வரை ஈறுக்குள் இறக்கி, பல் பல்லாக அளந்தார். அதிகப்படி ஈறை வெட்டிய பிறகும் எலும்பிலிருந்து ஈறின் விளிம்புவரை சுமார் 3 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். குறைந்தால் ஈறு வீங்கும், மறுபடியும் இறங்கிவரும். இந்த அளவை எடுக்காதவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

வெட்டப் பயன்படுத்திய டயோடு வகை லேசரின் ஒளியை ஹீமோகுளோபினும் (இரத்தத்தின் சிவப்பு நிறப்பொருள்) மெலனினும் (ஈறின் கருமை நிறப்பொருள்) உறிஞ்சுவதால் வெட்டும்போதே இரத்தம் உறைகிறது. தையல் இல்லை. மயிர் கருகியது போன்ற வாடை மட்டும் வந்தது. மூன்று நாள் ஆறிய தயிர்சாதம். விளிம்பில் படிந்த வெண்படலம் ஆறாம் நாள் உதிர்ந்து, இளஞ்சிவப்பாகப் புது ஈறு தெரிந்தது.

நேற்று அம்மாவிடம் கையால் வாயை மறைக்காமல் சிரித்தேன்.