ஆலிவர் பூனைக்குட்டியானால் கதை கெட்டுவிடுமா?

தேவகோட்டைக்காரன்:
லீவுக்கு வந்த அக்கா பிள்ளைகளோடு 'ஆலிவர் அண்ட் கம்பெனி' பார்த்தேன். டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலை நியூயார்க் தெருவுக்குக் கொண்டுபோய், ஆலிவரைப் பூனைக்குட்டியாகவும் திருட்டுப் பையன்களை நாய்களாகவும் ஆக்கி டிஸ்னி 1988இல் எடுத்த கார்ட்டூன் படம். எனக்கு மனசே ஆறவில்லை. ஏழைகளை விடுதியில் அடைத்து அரைவயிற்றுக் கஞ்சி ஊற்றிய இங்கிலாந்தின் 1834 சட்டத்தின் மேல் வந்த கோபத்தில் டிக்கன்ஸ் எழுதிய கதை அது. கிண்ணத்தை நீட்டி அந்தப் பையன் இன்னும் கொஞ்சம் கேட்கிற இடமே படத்தில் கிடையாது. அப்புறம் எதற்கு ஆலிவர் என்று பேர்?

கோட்டையூர் வாசகி:
கஞ்சி இல்லை, சரி அண்ணே, பசி இருக்கிறதே. பெட்டியில் இருந்த குட்டிகளை ஆளாளுக்கு எடுத்துப்போக, இது ஒன்று மட்டும் மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது. என் மகளுக்கு ஆறு வயசு. வாய் வரைக்கும் கொண்டுபோன முறுக்கைக் கடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, "இதை யாரும்மா கூட்டிக்குவா?" என்று கேட்டாள். நம்ம பக்கம் பிள்ளை கூட்டுகிற, அதாவது தத்து எடுக்கிற, வீடுகளைப் பார்த்து வளர்கிறவள், அதனால் அந்த வார்த்தைதான் வந்தது. அப்புறம் அந்தக் குட்டியை வீட்டுக்குக் கூட்டிப்போகிற ஜென்னி, அப்பா அம்மா வெளிநாட்டில் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் வேலைக்காரரோடு தனியாக இருக்கிற பிள்ளை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு நடுவே கோட்டையூரில் இருந்துகொண்டு அதைக் கார்ட்டூன் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

தேவகோட்டைக்காரன்:
அது நல்ல இடம்தான் தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்சி எங்கே? நாவலில் அந்தத் திருட்டுக் கூட்டத்திலேயே இருந்துகொண்டு, ஆலிவரைக் காப்பாற்றப் போய் சைக்ஸ் என்கிற முரடன் கையால் அடிபட்டுச் செத்தவள். படத்தில் ஆலிவருக்காக யாரும் எதையும் இழக்கவில்லையே.

பள்ளத்தூர் பெரியவர்:
தம்பி, ஆறு வயசுப் பிள்ளைக்குக் கொலையைக் காட்டணுமா? நான் சொல்ல வந்தது வேறு. நாவலில் சைக்ஸ் வீடு புகுந்து திருடுகிறவன். படத்தில் அவனை வட்டிக்காரனாக்கி, திருட்டுப் பையன்களின் தலைவன் ஃபேகினைக் கடன்காரனாக்கி, மூன்று நாள் கெடு வைத்துவிட்டார்கள். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனவர், அவர் கடையில் பணப்பெட்டி வைத்த பெட்டியடியில் உட்கார்ந்ததையும், கெடு தவறியவன் வாசலில் நின்ற நிலையையும் கேட்டு வளர்ந்தவன் நான். நல்ல மனுஷனைத் திருட்டில் தள்ளுவது கடன் என்று காட்டியது எனக்குச் சரியாகவே பட்டது. நாவலில் ஃபேகினைப் பெரும்பாலும் பேர் சொல்லாமல் யூதன், யூதன் என்றே வருகிறது, பின்னால் டிக்கன்ஸே அதில் பல இடங்களைத் திருத்தினார். படம் அதைச் சுத்தமாக விட்டது நல்ல காரியம்.

தேவகோட்டைக்காரன்:
ஃபேகின் விஷயத்தில் ஐயா சொல்வது சரி. நாவலில் அவனைத் தூக்கில் போடுகிறார்கள், படத்தில் அவன் பிழைத்துக்கொண்டதில் எனக்கும் வருத்தமில்லை. கஞ்சிக் கிண்ணத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேற்று ராத்திரி முற்றத்தில் பாய் விரித்து அந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு வாயாலேயே சொன்னேன். சின்னவன் கேட்டான்: "பூனைக்குட்டியா மாமா கஞ்சி கேட்டுச்சு?"

கோட்டையூர் வாசகி:
பார்த்தீங்களா அண்ணே, அந்தக் குட்டி மனசில் இருந்ததால்தானே அவன் கேட்டான். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தேவகோட்டைக்காரன்:
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.