புதுப்பிப்பு: ஜி41 மதர்போர்டில் 4 ஜிபி ராம், 16 சிப் உள்ளதுதான் ஏறியது

போன மாதம் கேட்டிருந்தேன்: இன்டெல் ஜி41 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டு சிப்) உள்ள போர்டு, டிடிஆர்3 வகை ராம், இரண்டே ஸ்லாட், புது 4 ஜிபி ராம் போட்டால் திரை வராமல் நீளமாக பீப் அடிக்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, தீர்ந்தது.

“முதலில் ராமில் உள்ள சிப்பை எண்ணுங்கள்” என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. ஜி41 ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் ஏற்கும் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). அதனால் 4 ஜிபிக்கு 16 சிப் வேண்டும், பக்கத்துக்கு எட்டு. நான் வாங்கியதில் ஒரு பக்கம் மொட்டை. எட்டே சிப், ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். ராமில் பழுதில்லை, புதிய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. 4 ஜிபி ராமின் லேபிளில் 1ஆர்எக்ஸ்8 (1Rx8, எட்டு சிப்) என்றிருந்தால் விட்டுவிடுங்கள், 2ஆர்எக்ஸ்8 (2Rx8, 16 சிப்) தேடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது: ‘ஏஎம்டிக்கு (இன்டெலின் போட்டி நிறுவனம்) மட்டும்’ என்று மலிவாக விற்பதிலும் 16 சிப் இருக்கும், இன்டெல் போர்டில் ஏறாது.

யாங்கோனில் பழைய உதிரிபாகக் கடையில் கழற்றிய, 16 சிப் உள்ள 4 ஜிபி ராம் இரண்டு கிடைத்தது, 1333 வேகம். இந்த போர்டில் 1066 வேகத்தில் ஓடுகிறது, அது போதும்.

எதிர்பாராதது இரண்டு. ஒரு ராமை மட்டும் கம்ப்யூட்டர் முதலில் காட்டவில்லை. மழைக்கால ஈரத்தில் தங்கக் கால்கள் மங்கியிருந்தன. கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துப் போட்டதும் வந்தது. அடுத்து, பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் போர்டு நிரல்) 8 ஜிபி என்றது, விண்டோஸோ 3.2 ஜிபி தான் பயன்படும் என்றது. இருந்தது 32 பிட் விண்டோஸ், அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது! 64 பிட் ஏற்றியதும் முழுதும் வந்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஒரு சுற்று முழுக்க ஓட்டினேன், பிழை இல்லை.