பீச்வொர்த் போனவங்க அனுபவம் சொல்லுங்க

மெல்போர்ன் மருமகள்:
ஈஸ்டர் லீவுல ஊர்ல இருந்து வந்திருந்த அத்தையையும் கூட்டிக்கிட்டு, ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல இருக்கிற பீச்வொர்த் போனோம். மெல்போர்ன்ல இருந்து ஹியூம் ஃப்ரீவேயில மூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டணும். 1852ல தங்கம் கிடைச்சு ஒரே நாள்ல கூட்டம் அள்ளின ஊர். தெரு முழுக்க தேன் நிற கிரானைட் கட்டடங்கள். தங்கம் தீர்ந்ததும் காணாமப் போன ஊர்கள் விக்டோரியாவுல எத்தனையோ. இது பிழைச்சதுக்குக் காரணம் ஜெயிலும் 1867ல திறந்த மனநல மருத்துவமனையும்தான்னு நான் நினைக்கிறேன். சம்பளம் வாங்கற ஆள் ஊர்ல இருந்தா கடை தானா ஓடும் இல்லையா?

பழைய கோர்ட்டுக்குள்ள போனோம். அத்தைக்கு நெட் கெல்லி யாருன்னே தெரியாது. அங்க இருந்த வயசான தன்னார்வலர், கொள்ளைக்காரன் கெல்லியோட அம்மா எலனை 1878ல இதே கூண்டுல நிறுத்தி மூணு வருஷம் போட்டாங்கன்னு சொன்னார். ஒரு போலீஸ்காரரைக் கொல்லப் பார்த்ததுக்கு உடந்தைன்னு வழக்கு. அப்போ கையில பால் குடிக்கிற குழந்தை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தை, "பச்சப் புள்ளையோடயா உள்ள வச்சாங்க?"ன்னு அவரையே தமிழ்ல கேட்டாங்க. அவருக்கு என்ன புரிஞ்சதோ, "யெஸ், யெஸ்"னு தலையாட்டினார். தீர்ப்பு சொன்ன ரெட்மண்ட் பாரிதான் ரெண்டு வருஷம் கழிச்சு மெல்போர்ன்ல மகனுக்குத் தூக்கு விதிச்சவர். 1880 நவம்பர் 11 அன்னிக்கு மகனைத் தூக்குல போட்டப்ப, அம்மா அதே சிறையில கைதி. அதுக்கப்புறம் பேக்கரியில அத்தை எதுவும் சாப்பிடலை. எங்க வீட்டுக்காரர் ரெண்டு 'பை' (pie) சாப்பிட்டார், அது வேற விஷயம்.

தண்டினோங் அண்ணை:
தங்கச்சி, கல்லறைக்குப் போகேல்லையா? ஊருக்கு வெளியில, காரில ரெண்டு நிமிசம். தங்கம் தோண்ட வந்த சீனத் தொழிலாளருக்கெண்டு தனிப் பகுதி இருக்கு, ஒரே அளவில சின்னச் சின்னக் கல்லுகள். 1857ல கட்டின ரெண்டு எரிகோபுரம் நிக்குது. பிரார்த்தனை எழுதின கடதாசியை அதுக்குள்ள போட்டுக் கொளுத்துறது. நாங்கள் போன நேரம் ஒரு சீனக் குடும்பம் ஊதுபத்தி கொளுத்தி, தோடம்பழம் வைச்சுக்கொண்டு நிண்டது. கதைச்சுப் பார்த்தா அவையள் சிட்னிக்காரர், அங்க புதைச்ச ஒருத்தரும் சொந்தமில்லையாம். "ஆரும் வராத கல்லுகள், அதுதான்" எண்டார் அந்த ஐயா.

அதே 1857 ஜூலையில, தங்கம் தோண்டின பக்லண்ட் பள்ளத்தாக்கில வெள்ளைக்காரத் தொழிலாளர் சீனரை அடிச்சு விரட்டி, கூடாரங்களைக் கொளுத்தினவை. பீச்வொர்த்தில விசாரணை நடந்தது. ஜூரி பெரிய குற்றச்சாட்டில எல்லாரையும் விட்டிட்டுது. கோர்ட்டில நெட் கெல்லி கதை மட்டும் கேட்டிட்டு வாறது அரைக் கதைதான்.

பாத்தி பைத்தியம்:
ஒயினைப் பத்தி யாருமே வாய் திறக்கலையே! பீச்வொர்த்ல சின்னச் சின்னத் தோட்டங்கதான். குளிர்ந்த மலை, கிரானைட் மண், அதனால ஷார்டனேங்கிற வெள்ளை ஒயின் திராட்சை நல்லா வரும். நிறைய இடத்துல முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் போகணும். கதவைத் தட்டினா ருசி பார்க்கலாம்னு நினைச்சுப் போகாதீங்க. முக்கால் மணி நேரம் தள்ளி ரூதர்கிளென் போனா அந்தச் சிக்கல் கம்மி. அதுவும் தங்க ஊர்தான். அங்க பீப்பாயில பல வருஷம் ஊறின மஸ்கட்ங்கிற இனிப்பு ஒயின் ஒண்ணு தருவாங்க, கரும்பழுப்பு நிறம், கிளாஸ்ல பாகு மாதிரி ஒட்டும். ஒரு மடக்கு போதும். ஓட்டறவருக்கு அதுவும் வேண்டாம்.

பசங்களோட போறவங்க ஓடையில தங்கம் அலசிப் பார்க்கணும்னா 'மைனர்ஸ் ரைட்' அனுமதிச் சீட்டு ஆன்லைன்ல வாங்கிக்குங்க, பத்து வருஷம் செல்லும். தங்கம் தோண்டினவங்க லைசென்ஸை எதிர்த்து நடத்தின யுரேகா கலகத்துக்கு அப்புறம், மாசா மாசம் கறந்த லைசென்ஸ் கட்டணத்தை எடுத்துட்டு 1855ல கொண்டுவந்த அதே சீட்டு. எல்லா ஓடையிலயும் இறங்க விடமாட்டாங்க. பார்க்ஸ் விக்டோரியா வரைபடத்தைப் பார்த்துட்டுத் தட்டை எடுங்க. என் பொண்ணுக்குக் கிடைச்சது மினுக்குற மைக்கா. தங்கம்னு சொல்லியே ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிட்டா.

மெல்போர்ன் மருமகள்:
அண்ணா, கல்லறை விட்டுப்போச்சு. அத்தை ஜூன் வரைக்கும் இங்கதான், மறுபடி ஒரு ட்ரிப் போடறோம். மழை நாள்ல அந்தப் பாதை எப்படி, சக்கர நாற்காலி போகுமா?