ஒரு மணி நேர விமானப் பயணத்திற்குக் கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டுமா?

கேள்வி (கோத்தகிரி):

வணக்கம். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, தமிழ்நாடு அரசின் 'டான்டீ' தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. ஹட்டனிலேயே தங்கிவிட்ட என் அப்பத்தாவின் தம்பி இப்போது படுக்கையில் இருக்கிறார். திருச்சியிலிருந்து கொழும்பு சென்று அவரைப் பார்த்துவர விரும்புகிறோம். எனக்கும் கணவருக்கும் பாஸ்போர்ட் உள்ளது. எட்டு வயது மகனுக்கும் பதினொரு மாத மகளுக்கும் ஆதார் மட்டுமே உள்ளது. இங்கிருந்து பேருந்தில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் நேரம்தான் விமானத்திலும் ஆகும். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் தேவையா? தாயின் பாஸ்போர்ட்டிலேயே பெயரைச் சேர்க்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார்.

பதில் 1 (குன்னூர்):

சகோதரி, இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனிப் பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். பெற்றோர் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கும் வழக்கம் முன்பு இருந்தது, இப்போது இல்லை. பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் நேபாளத்திற்கும் பூட்டானுக்கும் ஆதாரைக் காட்டிச் செல்லலாம் என்பதால்தான் பலரும் இலங்கைக்கும் அதுவே போதும் என்று நம்பி விமான நிலையம் வரை போய்விடுகிறார்கள். பயணம் எவ்வளவு குறுகியது என்பதை யாரும் பார்ப்பதில்லை. குடியேற்றச் சோதனையைக் கடக்கிறீர்களா என்பதே கணக்கு.

நீலகிரி மாவட்டம் கோயம்புத்தூர் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சிறார் பாஸ்போர்ட்டிற்குக் கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதில் பத்து விழுக்காடு குறையும். பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழியான இணைப்பு 'டி'-யையும், மகளுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தையும் கொண்டு செல்லுங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அங்கேயே படம் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகளையும் நேரில் அழைத்துச் செல்ல வேண்டும். காலை நேரத்து முன்பதிவு கிடைத்தால் மலையிறங்கிப் போகும் பிள்ளைகளுக்கு நல்லது. இலங்கையின் இணையவழிப் பயண அனுமதியையும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே பெறுங்கள். இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும் என்பதால், உங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டின் கடைசி நாளையும் இன்றே பாருங்கள்.

பதில் 2 (கூடலூர்):

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பிறப்புச் சான்றிதழை. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படுகிறது. பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதிவு செய்வது நம் பக்கத்தில் வழக்கமாகையால், சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். என் மகளுக்கு அப்படித்தான் இருந்தது. அதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்து, என் மாமியாரின் அண்ணன் இறுதிச் சடங்கிற்கு நான் மட்டும் தனியே போனேன். அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. தயவுசெய்து பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

இன்னொன்று, பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை மட்டும் போட இயலாது. தந்தை பெயரை விரித்து எழுத வேண்டும். அங்கு எப்படி எழுதுகிறீர்களோ, அதே எழுத்துக்கூட்டலை டிக்கெட்டிலும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தேன். மகனுடையதில் பெயர் இருக்கிறது. மகளுடையதில் 'பெண்' என்று மட்டுமே உள்ளது. ஓராண்டு நிறைய இன்னும் மூன்று வாரம் இருப்பதால், தாமதக் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கத் திங்கட்கிழமையே போகிறோம்.