மறுமொழி: பல் உள்வைப்புக்கான ஊசி – ‘நரம்பு அடைப்பு’ வேண்டாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் கோயில் மலரில் வரப்போகும் பல் உள்வைப்பு (இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பற்றிய குறிப்பில், மரக்கவைக்கும் ஊசிகளைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நீங்கள் எழுதியவற்றுக்கு, ஒரு பல் மருத்துவராக என் மறுமொழி இது. முதலில் ‘பிளாக்’, அதாவது ஒரு பெரிய நரம்பையே மரக்கச் செய்யும் ஊசி.

> பிளாக் என்பதற்கு ‘நரம்பு அடைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. அகராதிப்படி சரிதானே?

அகராதிக்குச் சரி, ஐயா. பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குச் சரியில்லை. இதயக் குழாயில் அடைப்பு, சாக்கடையில் அடைப்பு என்றெல்லாம் கேட்டுப் பழகிய காது இது. அடைப்பு என்றால் அதை நீக்க ஒருவர் வர வேண்டும். இங்கே மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் என்னிடம் வரும் ஓர் அம்மாவிடம் ‘உங்கள் நரம்பை அடைக்கப் போகிறேன்’ என்றால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ‘நரம்புத்தடை’ என்பேன். மின்தடை போல: போகும், தானாகவே திரும்பி வரும்.

> பொதுப்பெயராக ‘மயக்க ஊசி’ போதும். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. இங்கே கிரியோலில் ஏற்கெனவே ‘அந்தோர்மி’ என்கிறார்கள், அதாவது தூங்கவைப்பது. அதைக் கேட்டுவிட்டு, முடிந்ததும் எழுப்பிவிடுவீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகவே ‘மரப்பு’. கால் மரத்துப்போவது எப்படி என்று பள்ளியோடு தமிழை நிறுத்திக்கொண்டவருக்கும் தெரியும். நம் கோயில் மலரைப் படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இலங்கை நண்பர்கள் சொல்லும் ‘விறைப்பு’ எனக்கும் பிடிக்கும். ஆனால் ஊசிக்குப் பிறகு சிலருக்கு வாய் திறக்க முடியாமல் தாடை இறுகிப்போகும். அதற்குத் ‘தாடை விறைப்பு’ என்ற பெயர் தேவைப்படுகிறது. அதை அங்கே விட்டுவைப்போம்.

இனி இன்ஃபில்ட்ரேஷன். இதில்தான் பெயரோடு மருத்துவமும் சேர்ந்து வருகிறது. உள்வைப்பு செய்ய வேண்டிய இடத்தை ஒட்டி, ஈறுக்கு அடியில், எலும்பின் மேல் மருந்தை விடுகிறோம். அது எலும்பின் நுண்துளைகள் வழியே ஊறி உள்ளே போய் நரம்பின் நுனிகளைப் பிடிக்கிறது. மேல்தாடை எலும்பின் வெளிச்சுவர் மெல்லியது, துளைகள் மிகுந்தது. அங்கே இந்த முறையே பெரும்பாலும் போதும். கீழ்க்கடைவாயில் சுவர் தடித்தது, மருந்து எளிதில் ஊறாது. அதனால்தான் தாடையின் உட்புறம் நரம்பு எலும்புக்குள் நுழையும் துளையருகே மருந்தை விட்டு, அந்தப் பக்கம் முழுவதையும் மரக்கச் செய்கிறோம். உதடும் முகவாயும் சேர்ந்து மரக்கும், நாக்கின் பாதியும் பெரும்பாலும் கூடவே மரக்கும். 2 சதவீத லிடோகைனை அட்ரினலினோடு கொடுத்தால் உதட்டு மரப்பு 3 முதல் 5 மணி நேரம் வரை நீடிக்கும். இந்த நரம்புத்தடை எல்லா நேரமும் பிடிப்பதும் இல்லை. நரம்பின் வழி ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

4 சதவீத ஆர்ட்டிகைன் வந்த பிறகு கணக்கு மாறியது. ஜெர்மனியில் 1976 முதல் புழங்கும் மருந்து. கீழ்க்கடைவாயின் வெளிப்புறத்தில் விட்டால் லிடோகைனைவிட நன்றாக எலும்புக்குள் போகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்வைப்புக்காரர்களிடையே நடக்கும் சண்டையும் இதை ஒட்டியதுதான். ஒரு சாரார், பெரிய நரம்பை மரக்கச் செய்யாதே, துளைக்கருவி அதன் கால்வாயை நெருங்கினால் நோயாளியே ‘சுரீர் என்கிறது’ என்று எச்சரிக்கட்டும் என்கிறார்கள். மறுசாரார், நோயாளியின் வலியை அளவுகோலாக வைக்காதே, சி.டி. படத்தில் அளந்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் துளையிடு, நோயாளி நிம்மதியாக இருக்கட்டும் என்கிறார்கள். நான் இரண்டாம் கட்சி. படம் இல்லாமல் துளையிடுகிறவர் எந்த ஊசி போட்டாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஆனாலும் எலும்பு உயரம் போதுமான அளவு இருந்து, ஒரே ஒரு பல் என்றால், வெளிப்புற ஊசியோடு நிறுத்திக்கொள்கிறேன். நோயாளி நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் வீடு போவார்.

ஆகவே ‘ஊறல் மரப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘ஊடுருவல்’ எல்லைப்புறச் செய்தி போல ஒலிக்கிறது. ‘ஊறு மரப்பு’ இலக்கணமாக இருந்தாலும், ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள். ஒப்புதல் படிவத்தில் அது வேண்டாம். ஊறல் என்றதும் சாராயம் நினைவுக்கு வருவதாகத் தம்பி ஒருவர் சிரித்திருந்தார். கரும்புத் தீவில் ரம் காய்ச்சிப் பிழைக்கிற நமக்கு அதில் வெட்கம் எதற்கு?

பிரெஞ்சு வழி படித்த மருத்துவர்கள் பிளாக்கை ‘த்ரோங்குலேர்’ என்கிறார்கள், அடிமரத்தைக் குறிக்கும் சொல்லை வைத்து. அதைப் பார்த்து ‘தண்டு மரப்பு’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், வாய்க்கும் முதுகில்தான் குத்துவார்களோ என்று பயந்துவிடுவார்கள்.

ஊசிக்கு முன் ஈறில் தடவும் களிம்புக்குப் ‘பூச்சு மரப்பு’. இதில் யாருக்கும் தகராறு இராது. இம்ப்ளான்ட் என்பதற்கு உள்வைப்பா, பதியமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.

மலருக்கான வாக்கியம் இப்படி: ‘மேல்தாடையில் பெரும்பாலும் ஊறல் மரப்பு போதும், கீழ்க்கடைவாயில் நரம்புத்தடை தேவைப்படலாம், அப்போது உதடு சில மணி நேரம் மரத்திருக்கும், மரப்பு விடும்வரை சூடாக எதுவும் குடிக்க வேண்டாம்.’ அச்சுக்குப் போவதற்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனின் நண்பர்கள் வேறு சொல் வைத்திருந்தால் அதையும் அனுப்புங்கள்.