ரிட்டையர் ஆன பெற்றோருக்குத் தனியாகக் கேன்சர் பாலிசி போடலாமா?

பாபநாசம்வாசி:
அப்பாவுக்கு 66 வயது. ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 62. சாப்பிட்டு எழுந்தால் வெற்றிலை சீவலும் ஒரு கிள்ளு புகையிலையும் வேண்டும். பென்ஷனில் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள், வேறு பாலிசி இல்லை. டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில், அம்மா பெயரில் பத்து லட்சத்துக்குக் கேன்சர் பாலிசி போடச் சொல்லி நச்சரிக்கிறார்கள். ஆண்டுக்கு 21,000, கவர் 75 வயது வரை. போடலாமா? அப்பாவுக்கும் கிடைக்குமா?

குடமுருட்டி:
ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் சார், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். அந்த 497 ரூபாய், 2022 ஜூலையில் தொடங்கிய தமிழக அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான பிடித்தம். நான்கு ஆண்டுக்குச் சேர்த்து 5 லட்சம், புற்றுநோய் மாதிரி குறிப்பிட்ட நோய்களுக்கு 10 லட்சம். ஆண்டுக்கு 5 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை, நான்கு ஆண்டுக்கும் அவ்வளவுதான். முதல் ஆண்டிலேயே ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்று தீர்ந்துபோனால், நோய் திரும்பி வரும்போது கை காலி. அடுத்த நான்காண்டுக்கான தொகையையும் பிடித்தத்தையும் அதற்கான அரசாணையில் சரிபாருங்கள்.

கேன்சர் பாலிசி வேறு சரக்கு. அது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. நோய் உறுதியானால் பேசிய தொகையைக் கையில் கொடுக்கும். எல்ஐசி 2017இல் கொண்டுவந்த கேன்சர் கவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பநிலைக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். முற்றியநிலைக்கு 100 சதவீதம், ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துக்கொண்டு. அதற்கு மேல் மாதம் 1 சதவீதம் வீதம் பத்து ஆண்டுக்கு வரும். சேரும் வயது 65 வரைதான், அதனால் அப்பாவுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. கவர் 75 வயதோடு முடியும். நோய் வராவிட்டால் கட்டிய பணத்தில் ஒரு பைசா திரும்பாது.

இப்போது கணக்கு. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீத வட்டி என்றால், 21,000 ரூபாய் என்பது சுமார் 2 லட்சத்து 56 ஆயிரத்தின் ஓராண்டு வட்டி. அவ்வளவு தொகையை ஒதுக்கி வைக்க முடிகிறவர்களுக்கு நான் இந்தப் பாலிசியைச் சொல்ல மாட்டேன். அதே பணத்தில் முதலில் இருவருக்கும் சூப்பர் டாப்-அப் (ஆண்டு பில் ஒரு தொகையைத் தாண்டினால் அதற்கு மேல் உள்ளதைக் கட்டும் பாலிசி) பாருங்கள். அதற்கும் பிறகு மிச்சம் இருந்தால் கேன்சர் பாலிசியைப் பற்றி யோசிக்கலாம்.

வெண்ணாறு:
குடமுருட்டி சொன்ன வரிசை சரி. ஆனால் சூப்பர் டாப்-அப்பில் இரண்டு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, வெறும் டாப்-அப் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் 5 லட்சக் கழிவை, அதாவது பாலிசி கட்டத் தொடங்கும் முன் நம் பக்கத்திலிருந்து போக வேண்டிய தொகையை, ஒவ்வொரு அட்மிஷனுக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கீமோ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் சில பத்தாயிரம். எந்தப் பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டப்போவதில்லை, பாலிசி பெட்டியில் தூங்கும். சூப்பர் டாப்-அப் ஓராண்டில் வந்த பில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்.

இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. பென்ஷன் திட்டத்துக்கு நான்காண்டுக் கணக்கு, சூப்பர் டாப்-அப்புக்கு ஓராண்டுக் கணக்கு. முதல் ஆண்டில் அரசுத் தொகை தீர்ந்துவிட்டால், இரண்டாம் ஆண்டில் அந்த முதல் 5 லட்சம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். கழிவை 3 லட்சமாக வைத்தால் பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஆனால் இந்தப் பள்ளம் குறையும்.

வயதைக் காட்டித் தட்டிக்கழித்தால் விடாதீர்கள். 2024 ஏப்ரலிலிருந்து, ஆஸ்பத்திரி பில் கட்டும் மருத்துவப் பாலிசிக்கு 65தான் மேல்வரம்பு என்பது இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பும் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அப்பாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கொட்டேஷனில் 18 சதவீதம் இருந்தால் அது பழைய தாள்.

அரசலாறு:
நான் கொஞ்சம் மாற்றுக் கட்சி. நம் பக்கத்து ஆட்களுக்கு மொத்தப் பணம் கையில் வருவதற்கு ஒரு மதிப்பு உண்டு. வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் என்றால் வாரம் ஐந்து நாள், 33 முதல் 35 தடவை, கிட்டத்தட்ட ஏழு வாரம். சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ என்றால் அத்தனை நாளும் அறை வாடகை, துணைக்கு ஒருவர், அவருக்குப் போன வேலை. எந்த ஆஸ்பத்திரிப் பாலிசியும் இதைக் கொடுக்காது. மூக்குக் குழாய் வழியாக ஊற்றும் கஞ்சிக்கும் பில் கிடையாது. ரயில் செலவு மட்டும் குறையும்: ஆஸ்பத்திரி கொடுக்கும் படிவத்தைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம்.

ஆனால் நீங்கள் சொன்ன அம்மா விஷயத்தில் வேறு சிக்கல் இருக்கிறது. புரப்போசல் ஃபாரத்தில் (பாலிசி விண்ணப்பம்) புகையிலை பற்றி ஒரு கட்டம் உண்டு. பீடி, சிகரெட்டைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஏஜெண்ட் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுவார். மெல்லுவதும் புகையிலைதான். பிற்பாடு வாயில் புண் வந்து கேஸ் ஷீட் எழுதும்போது டாக்டர் கேட்பார், அம்மாவும் '40 வருஷமா போடுறேன்' என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி க்ளெய்மைச் சாய்த்துவிடும். பாலிசி வீட்டுக்கு வந்ததும் கூடவே வரும் ஃபாரம் நகலைப் படியுங்கள். தப்பாக இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருத்தலாம், இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிவிடலாம்.

குடமுருட்டி:
அரசலாறு சொன்ன ஏழு வாரச் செலவை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 'கேன்சர் வந்தால் பத்து லட்சம்' என்பதற்கு உள்ளே ஓட்டைகள் உண்டு. முற்றியநிலை என்பதன் வரையறையில் பயாப்ஸியில் திசு ஆதாரம் கேட்பார்கள். ஸ்கேன் மட்டும் போதாது. பரவாமல் அதே இடத்தில் நிற்பது, டி1 என்0 எம்0 (சிறியது, எங்கும் பரவாதது) அளவிலான தைராய்டு கட்டி, க்ளீசன் ஸ்கோர் (கட்டியின் வீரியத்தைக் காட்டும் எண்) 6ஐத் தாண்டாத சிறிய பிராஸ்டேட் கட்டி, மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்று) அல்லாத தோல் புற்று எல்லாம் அதில் விலக்கு. இவற்றில் சில ஆரம்பநிலைப் பட்டியலில் வரும், சில எதிலுமே வராது. பாலிசி எடுத்து 180 நாளுக்குள் அறிகுறி தொடங்கினாலும் பணம் இல்லை. ஆகவே 21,000 சொன்னவரிடம் விளம்பரத் தாளை வாங்காதீர்கள், ஆரம்பநிலை, முற்றியநிலை வரையறை உள்ள பாலிசி வாசகத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அத்துடன் எழுந்து வந்துவிடலாம்.

பாபநாசம்வாசி:
ரொம்ப நன்றி. டெபாசிட்டை மட்டும் புதுப்பித்துக்கொள்கிறோம். அம்மாவுக்குப் பாலிசி போடும் முன் வாயை டாக்டரிடம் காட்டினால், அதுவே பிற்பாடு நமக்கு எதிராகப் போகாதா?

அரசலாறு:
காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கன்னத்தின் உள்பக்கம் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், மூன்று விரலை அடுக்கி வைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பது குறைவது: இவற்றைத்தான் பார்ப்பார்கள். அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவிலேயே பார்க்கலாம். ஒன்றும் இல்லை என்றால் அந்த ஓபி சீட்டைப் பத்திரமாக வையுங்கள். திட்டு இருந்தால் அதை ஃபாரத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். பிரீமியம் ஏறலாம், மறுக்கவும் செய்யலாம். பரவாயில்லை, திட்டாக இருக்கும்போதே வைத்தியம் செய்துவிடலாம்.